கை வைக்காத நாள்

என் பெயர் இசைவாணி. பாடத் தெரியாது, கத்தத் தெரியும். எங்கப்பா என்ன நினைத்து இந்தப் பெயரை வைத்தாரோ, கேட்கலாமென்றால் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் செய்த ஒரு காரியத்தை இங்கே எழுதப் போகிறேன். எழுதினால் மனசு லேசாகும் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் இல்லை. வேறு யாராவது இதைத் தங்களுக்கு வேண்டியபடி சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது, அவ்வளவுதான்.

என் வேலை, வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாகக் கிடக்கிற வயசானவர்களைப் பார்த்துக்கொள்வது. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, புண் இருந்தால் மருந்து வைத்துக் கட்டுவது, சோறு ஊட்டுவது, எல்லாம். கடலூர் செம்மண்டலத்தில் ஒரு டிரஸ்ட் இருக்கிறது. அவர்களுக்குச் சென்னையில் ஒரு பவுண்டேஷன் பணம் கொடுக்கிறது. அந்தப் பணத்தில்தான் என்னைப் போல இருபது பெண்களைச் சிதம்பரத்தில் மூன்று மாதம் தங்க வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஆளுக்கு ஆறு வீடு பிரித்துக் கொடுத்தார்கள். நீலக் கலரில் ஒரு கோட்டும் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் நான் பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். கொட்டையிலிருந்து வடிகிற எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் வெந்து கறுத்துப் போயிருந்தது. ரேஷன் கடை மெஷினில் ரேகை விழாது. அந்த விரல்களை வைத்துக்கொண்டுதான் நோயாளியின் நாடி பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஜான்சி சிஸ்டர். முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவர். கண்டிப்பு ஜாஸ்தி, பாசமும் ஜாஸ்தி. நோயாளியைப் பார்த்தால் போதும், அவரைப் பார்த்துக்கொள்கிறவளின் லட்சணம் தெரிந்துவிடும் என்பார். சுத்தமாகக் கிடக்கிற உடம்புதான் உங்களுக்கு சர்டிபிகேட், மற்றதெல்லாம் காகிதம் என்பார். நான் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வந்த வினை அங்கிருந்துதான் ஆரம்பித்தது. அதற்காக சிஸ்டரைக் குறை சொன்னால் என் வாய் அழுகிப் போகும்.

என் ஆறு வீடுகளில் ஒன்று மேல்பட்டாம்பாக்கத்தில் சுப்புராயன் வீடு. எழுபத்து நாலு வயசு. பண்ருட்டி மண்டியில் நாற்பது வருஷம் பலாப்பழம் ஏற்றி இறக்கியவர். தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று ஒரே நடையில் இரண்டு பழம் தூக்குவாராம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவருக்கு இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. வாய் மட்டும் விழவில்லை என்று அவர் மனைவி ராஜாமணி சொல்வார். ராஜாமணி நாற்பது கிலோ இருந்தால் அதிகம். இவரோ எழுபதைத் தாண்டுவார். மகன் இளவரசு ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். மூன்றாவது மாடியில் வாடகை வீடு. அப்பாவை அங்கே அழைத்துப் போகலாம் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் பேச்சு வரும், படிக்கட்டுக்கு வந்ததும் நின்றுவிடும். கெட்ட பிள்ளை என்று சொல்ல முடியாது. தூரத்தில் இருக்கிற பிள்ளை.

முதல் நாள் நான் போனபோது அவர் ஒரு மாதமாக மல்லாந்தே கிடந்திருக்கிறார். வால் எலும்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்குப் புண். நாற்றம் வாசல் வரைக்கும் வந்தது. பொம்பளை கை தன் மேல் படக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தார். சரி, ஆம்பளை கையைக் கூப்பிடுங்கள், வருகிற வரைக்கும் நான் இப்படி உட்கார்ந்திருக்கிறேன் என்று முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். இரண்டு நாள் உட்கார்ந்தேன். ஒரு ஆம்பளையும் வரவில்லை. மூன்றாம் நாள், "செய்யி" என்றார், கண்ணை மூடிக்கொண்டு.

பிறகு பழகிவிட்டது. அவருடைய பங்காளி ஒருவர் வந்து, இந்தப் பொண்ணு எந்தத் தெரு என்று ராஜாமணியிடம் விசாரித்தார். நான் பக்கத்தில்தான் துணி அலசிக்கொண்டிருந்தேன். படுக்கையிலிருந்து இவர் பதில் சொன்னார்.

"எந்தத் தெருவா இருந்தா இன்னா? நீ கழுவி உடறியா? உடறதுன்னா சொல்லு, அவள நிறுத்திடறேன்."

பங்காளி காப்பி குடிக்காமலே கிளம்பிப் போனார். அன்றைக்கு ராஜாமணி என்னிடம், ஐயா அம்மா என்று கூப்பிடாதே, அவரை மாமா என்று கூப்பிடு, என்னை அத்தை என்று கூப்பிடு என்றார். பயிற்சியில் நோயாளிகளை ஐயா, அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் மாமா என்றே கூப்பிட்டேன்.

பதினோரு மாதம் ஆனது புண் மூட. தினமும் காலையில் இரண்டு மணி நேரம் அந்த வீட்டில் இருப்பேன். சாயங்காலம் திரும்பும்போது ஒரு தடவை எட்டிப் பார்த்துப் புரட்டிவிட்டு வருவேன். ஒரு நாள் காலை, கட்டைப் பிரித்தால் பழைய இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல். பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் கால் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு மறுநாள் போனேன். அவர் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "என் பின்பக்கம் நல்லா இருக்குதுன்னு ஸ்வீட்டு குடுத்த மொத ஆளு நீதான் பொண்ணு" என்றார். ராஜாமணி சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த ஜில்லாவிலேயே என்னைப் போல ஒருத்தி கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சித்திரையில் செம்மண்டலம் ஆபீசில் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள். எங்களுக்கு மேல் அதிகாரி செம்பியன் சார். நல்ல மனுஷர், எதையும் சுற்றி வளைத்துச் சொல்வார். பவுண்டேஷன் இந்த வருஷம் பணத்தைக் குறைக்கிறது, பாதி வீடுகளுக்குத்தான் ஆள் அனுப்ப முடியும், எந்தெந்த வீடு என்று பார்க்கச் சென்னையிலிருந்து ஒருவர் வருவார், ஒவ்வொரு வீட்டிலும் பத்துக் கேள்வி கேட்டு மார்க் போடுவார் என்றார். மார்க் குறைவாக வந்தால்தான் ஆள் உண்டு என்றும் சொன்னாராம். நான் அந்த நேரம் பக்கத்தில் இருந்த ஜெயராணியிடம் மூடிய புண்ணைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். என் காதில் விழுந்தது மார்க் என்ற ஒரு சொல்தான். மார்க் என்றால் ஜாஸ்தி வாங்கினவர் பாஸ். ஒன்றாம் வகுப்பிலிருந்து எனக்குத் தெரிந்தது அதுதான். இன்ஸ்பெக்ஷன் என்றால் எங்கள் பள்ளிக்கூடத்தில் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், எங்களுக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரிவிடுவார்கள். அதுவும் தெரியும்.

அவர்கள் வருகிற நாள் வைகாசிக் கடைசி. நான் காலை ஐந்தரைக்கே போய்விட்டேன். மாமாவுக்கு முகம் வழித்து, தலைக்கு ஊற்றி, பெட்டியில் இருந்த பட்டுக்கரை வேட்டியைக் கட்டிவிட்டு, இளவரசு தீபாவளிக்கு வாங்கிவந்த சட்டையைப் போட்டேன். நெற்றி நிறைய விபூதி. ராஜாமணி ரப்பர் ஷீட்டையும் மலச்சட்டியையும் மருந்து டப்பாவையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிப் பழைய புடவையைப் போட்டு மறைத்தார். பக்கத்து வீட்டில் பூப்போட்ட பெட்ஷீட் இரவல் வாங்கிவந்தார். சாம்பிராணி போட்டார். பொண்ணு பார்க்க வருகிற வீடு மாதிரி இருந்தது. விருந்தாளி வருகிறபோது படுத்துக் கிடந்தால் மரியாதையா என்று மாமாவே கேட்டார். தானாக உட்கார வராது அவருக்கு, இடது பக்கமாகச் சரிந்துவிடுவார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, சட்டைக்கு உள்ளே நெஞ்சைச் சுற்றித் துண்டைக் கொடுத்து நாற்காலியின் முதுகோடு சேர்த்துக் கட்டினேன். அந்த யோசனை என்னுடையது. ராஜாமணி நாற்காலிக்குப் பின்னால் முடிச்சு தெரியாமல் ஒரு சால்வையைப் போட்டார்.

வந்தவள் கலைமணி என்று ஒரு பெண். இருபத்தைந்து, இருபத்தாறு வயசு இருக்கும். கையில் டேப்லெட். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கும்பிட்டுவிட்டு உள்ளே வந்தாள். ராஜாமணி எவர்சில்வர் தட்டில் பலாச்சுளை வைத்துக் கொடுத்தார். பராமரிக்கிறவர் பக்கத்தில் இருக்கக்கூடாது என்பது விதியாம், என்னை வெளியே நிற்கச் சொன்னாள். நான் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

சாப்பாடு யார் ஊட்டுகிறார்கள் என்று கேட்டாள். நானே சாப்பிடுவேன் என்றார். சட்டை யார் போட்டுவிடுகிறார்கள்? நானேதான். குளியல்? நானே குளிப்பேன், முதுகு மட்டும் இவள் தேய்ப்பாள். படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு வருவது? இதோ உட்கார்ந்திருக்கிறேனே. கக்கூசுக்கு யார் அழைத்துப் போகிறார்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். பேத்தி வயசுப் பெண். அவளிடம் எந்த மனுஷன் சொல்லுவான்? நானே போய் வருவேன் என்றார். ராஜாமணியைக் கேட்டாள். ஒரு குறையும் இல்லையம்மா, நல்லா இருக்கிறார், நீ இன்னும் ரெண்டு சுளை எடுத்துக்கோ என்றார் ராஜாமணி. வீட்டுக் கஷ்டத்தை வீட்டுக்கு வந்தவளிடம் கொட்டுகிற வழக்கம் அந்த அம்மாவுக்குக் கிடையாது.

ஜன்னலுக்கு வெளியே நான் சிரித்துக்கொண்டிருந்தேன். இதை மறைக்க எனக்கு இஷ்டமில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் மார்க் ஏறுகிறது என்று மனசுக்குள் குதித்தேன்.

போகும்போது அவள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். நீங்கள் வந்த பிறகு என்ன முன்னேற்றம்? உண்மையைச் சொல்லியிருக்கலாம். புண் மூடியிருக்கிறது, தினமும் ஆள் வந்தால்தான் மூடியே இருக்கும் என்று ஒரு வரி. நான் சொன்னது வேறு.

"மொதல்ல அள்ளித்தான் எடுக்கணும் மேடம். இப்ப எல்லாம் அவரே பாத்துக்கறாரு."

அவள் சந்தோஷமாக எழுதிக்கொண்டாள்.

இரண்டு வாரத்தில் லிஸ்ட் வந்தது. சுப்புராயன், நூற்றுக்கு எண்பத்தைந்து. உதவி தேவையில்லை. என் ஆறு வீட்டில் நாலு வீடு போயிற்று, நாலும் நான் ஜோடித்து வைத்த வீடுகள். ஜெயராணி அந்த வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டாள், அவளுடைய நோயாளிகள் எல்லாம் ஈரத் துணியோடு கிடந்தார்கள். அவளுக்கு ஆறு வீடும் அப்படியே இருந்தது. போன் பண்ணி அழுதேன். அவளும் அழுதாள், எதற்கென்று தெரியாமல்.

போன நாலு வீட்டுக்குப் பதில், வேலையை விட்டுப் போன ஒருத்தி பார்த்த புவனகிரிப் பக்கத்து நாலு வீட்டைக் கொடுத்தார்கள். காலை ஆறு மணி பஸ், வீடு திரும்ப ஏழரை. முதல் வாரம் விடிவதற்குள் மேல்பட்டாம்பாக்கம் போய் மாமாவுக்குச் செய்துவிட்டு பஸ் பிடித்தேன். இரண்டாம் வாரம் நாலு நாள் போனேன். மூன்றாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை மட்டும். முடியவில்லை என்று எழுதினால் பெருமையாக இருக்கும். அலுப்பு என்பதுதான் நிஜம். புருஷன் கதிர்வேல் ஆட்டோவில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொன்ன நாளிலும் இன்னும் பத்து நிமிஷம் படுக்கிறேன் என்று படுத்துவிட்டேன்.

ராஜாமணியால் அவரைப் புரட்ட முடியாது. மூன்றாம் ஞாயிறு பழைய இடம் சிவந்திருந்தது. ஐந்தாம் ஞாயிறு தோல் உரிந்திருந்தது. ஏழாம் ஞாயிறு கட்டைப் பிரித்தபோது என் கட்டைவிரல் உள்ளே போகிற ஆழத்துக்குக் குழி. பதினோரு மாத உழைப்பு ஏழு வாரத்தில் காணாமல் போயிற்று. நான் அழுததை மாமா பார்த்துவிட்டார். "உடு பொண்ணு, பழைய எடந்தான, புதுசா ஒண்ணும் வரலியே" என்று எனக்குச் சமாதானம் சொன்னார்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு செம்மண்டலம் போனேன். செம்பியன் சாரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். துண்டைக் கட்டி உட்கார வைத்ததை, கடைசியில் நான் சொன்ன பொய்யை, எல்லாவற்றையும். எழுதித் தருகிறேன் என்றேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். எழுதிக் கொடுத்தால் நீ பார்த்துக்கொள்கிற எந்த வீட்டு மார்க்கையும் அவர்கள் நம்ப மாட்டார்கள், இப்போது இருக்கிற ஆறு பேருக்கும் ஆள் நின்றுவிடும், அதற்குச் சம்மதமா என்றார். எழுத எடுத்த பேனாவைக் கீழே வைத்தேன். ஒரு வழிதான் இருக்கிறது, நோயாளியின் நிலைமை மோசமாகிவிட்டது என்று ஒரே ஒரு தடவை மறுபார்வை கேட்கலாம் என்றார். கேட்டார். பதினாறு நாள் கழித்து ஒரு புதன்கிழமை, காலை ஒன்பது மணி என்று தேதி வந்தது. முதல் நாள் சாயங்காலம் எனக்குப் போன் பண்ணினார்.

"இந்தத் தடவ ஒண்ணும் செஞ்சிடாதீங்க வாணி. அவுங்க வந்து பாக்குற வரைக்கும் கை வைக்காதீங்க. உள்ளது உள்ளபடி இருக்கட்டும்."

புதன்கிழமை லீவு சொல்லிவிட்டு ஏழு மணிக்குப் போனேன். மாமா விடியற்காலையிலேயே வெளிக்கிருந்துவிட்டிருந்தார். கட்டு நனைந்து, வேட்டி நனைந்து, முதுகு வரைக்கும் ஏறியிருந்தது. ராஜாமணி வெந்நீர் வைத்துத் தயாராக இருந்தார், நான் வந்ததும் இரண்டு பேருமாகக் கழுவிவிடலாம் என்று. நான் வேண்டாம் என்றேன். காரணத்தைச் சொன்னேன். அவருக்குப் புரிந்தது, ஆனால் மனசு ஒப்பவில்லை. வீட்டுக்கு ஒரு மனுஷி வருகிறபோது கட்டினவனை இப்படியா போட்டு வைப்பார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

நான் கட்டில் பக்கத்தில் குனிந்து அவரிடம் சொன்னேன். "மாமா, ஒம்போது மணி வரைக்கும் பொறுத்துக்குங்க. இந்தத் தடவ எதக் கேட்டாலும் முடியாதுன்னு சொல்லுங்க. முடியும்னு சொன்னா என்னை இங்க வர உடமாட்டாங்க."

"ஒம்போது மணிதான?" என்றார்.

"ஒம்போது மணிதான்."

ஒன்பதுக்கு வரவில்லை. போன் பண்ணினால் குறிஞ்சிப்பாடியில் ஒரு வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். பத்தரைக்குப் பண்ணினேன், கிளம்பிவிட்டார்களாம். பன்னிரண்டுக்குப் பண்ணினேன், வடலூரில் சாப்பிடுகிறார்களாம். ஆவணி வெயில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஈ மொய்த்தது. நான் விசிறியால் ஓட்டிக்கொண்டே இருந்தேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. "எரியுது பொண்ணு" என்றார் ஒரு தடவை. இப்போது வந்துவிடுவார்கள் மாமா என்றேன். கொஞ்ச நேரம் கழித்து ராஜாமணியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்த அம்மா சொம்பில் தண்ணீரை மொண்டுகொண்டு, துணியை எடுத்துக்கொண்டு வந்தார். நான் அந்தச் சொம்பை அவர் கையிலிருந்து பிடுங்கி வைத்தேன்.

பயிற்சி எடுத்த கை இது. புண்ணில் மலம் பட்டால் என்ன ஆகும், எத்தனை நேரத்தில் ஆகும் என்று எனக்கு அந்த வீட்டில் யாரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்துதான் பிடுங்கினேன். எட்டு மணி நேரம் அவரை அதில் போட்டு வைத்தேன். பிறகு அவர் யாரையும் கூப்பிடவில்லை.

கலைமணி வந்தபோது மூன்றே கால். வாசலில் கும்பிட்டாள், உள்ளே வந்தாள், மூக்கை மூட எடுத்த கையை அப்படியே கீழே இறக்கினாள். என்னை வெளியே போகச் சொன்னாள். மறுபடியும் அதே ஜன்னல், அதே பத்துக் கேள்வி. சாப்பிட முடியுமா? முடியாது. உட்கார முடியுமா? முடியாது. துணி மாற்ற? முடியாது. போன தடவை குரலை உயர்த்திப் பதில் சொன்ன மனுஷன், ஒரே குரலில் ஒவ்வொன்றுக்கும் முடியாது, முடியாது என்றார். கக்கூஸ் கேள்வியை அவள் கேட்கவே இல்லை, பார்த்து அவளே குறித்துக்கொண்டாள்.

முடித்துவிட்டு, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா ஐயா என்று கேட்டாள்.

"அந்தப் பொண்ண என்னைக் கழுவி உடச் சொல்லுங்கம்மா" என்றார். "காலையிலேருந்து கேக்கறேன். செய்ய மாட்டேங்குது."

கலைமணி வெளியே வந்தாள். அவள் கண் சிவந்திருந்தது. காலையிலிருந்து நீங்கள் இங்கேதான் இருந்தீர்களா என்று கேட்டாள். இருந்தேன் என்றேன். இப்படியே விட்டுவிட்டா இருந்தீர்கள் என்றாள். நீங்கள் பார்க்க வேண்டும் என்றுதான் விட்டேன் என்று சொன்னால் இதுவும் ஜோடனை என்று மார்க்கை அடித்துவிடுவாள். ஆமாம் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நீளமாக ஏதோ எழுதினாள்.

அவள் ஜீப் தெருமுனை திரும்புவதற்குள் நான் வெந்நீரோடு உள்ளே ஓடினேன். மாமா வலது கையால் போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நீ தொடாத. அவ செய்வா."

ராஜாமணி செய்தார். அந்த அம்மாவால் முடிந்த வரைக்கும்.

மார்க் ஐந்து வந்தது. சுப்புராயன் வீட்டுக்கு ஆள் உண்டு என்று கடிதமும் வந்தது. கீழே ஒரு குறிப்பு. முன்பிருந்த பராமரிப்பாளர் நோயாளியை அலட்சியப்படுத்தியது நேரில் காணப்பட்டதால் அந்த வீட்டுக்கு வேறு ஒருவரை நியமிக்க வேண்டும். மற்றவர்களுக்கெல்லாம் ஆறு வீடு நிறைந்துவிட்டது, வேறு ஒருவர் என்றால் சிதம்பரத்தில் அடுத்த பேட்ச் பயிற்சி முடித்து வரவேண்டும். அந்தப் பயிற்சிக்குப் பணம் எப்போது வரும் என்று இன்னும் தெரியவில்லை என்றார் செம்பியன் சார். ஐப்பசிக்குள் வரலாம், தை ஆனாலும் ஆகலாம். என்மேல் பரிதாபப்பட்டுத்தான் சொன்னார். யார் மேல் கோபப்படுவது என்று தேடிப் பார்த்தேன், என்னைத் தவிர ஒருத்தரும் அகப்படவில்லை.

விதி என்ன சொன்னால் என்ன, ஞாயிற்றுக்கிழமை போனேன். பஞ்சு, துணி, மருந்து எல்லாம் பையில் எடுத்துக்கொண்டு. ராஜாமணி வாசற்படியிலேயே நின்று மறித்தார்.

"அவரு வேணாங்கறாரு வாணி. தப்பா நெனைக்காத. நீ வந்தா சோறு எறங்க மாட்டேங்குது அவருக்கு."

பையை அவரிடம் கொடுத்தேன். போக மனசு வரவில்லை. உள்ளே கட்டில் தெரியாதபடி புடவையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அழுகல் வாடை மட்டும் தெரிந்தது. அவரைப் புரட்டி எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டேன். ராஜாமணி தலையைக் குனிந்துகொண்டார். நான் உள்ளே வரவில்லை அத்தை, இங்கிருந்தே சொல்கிறேன், நீங்கள் செய்யுங்கள் என்றேன். அவர் திரைக்குப் பின்னால் போனார்.

"வெளங்காத கால மடக்கி, முட்டி மேல பாக்க வைங்க. வெச்சிட்டீங்களா? இப்ப ஒரு கை தோள்ல, ஒரு கை இடுப்புல. ஒங்க பக்கமா இழுங்க. தூக்காதீங்க அத்தை, உருட்டுங்க."

வளையல் சத்தம் கேட்டது. கட்டில் கிறீச்சிட்டது. ராஜாமணி மூச்சைப் பிடித்து முக்கினார். பாதி வந்திருக்க வேண்டும், விடாதீங்க, தலைகாணியை முதுகுக்கு அண்டை கொடுங்க என்று கத்தினேன். அப்புறம் தொப்பென்று அவர் பழையபடி விழுகிற சத்தம். மாமாவின் தொண்டையிலிருந்து ஒரு முனகல்.

பரவாயில்லை, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள், மறுபடியும் முட்டியிலிருந்து ஆரம்பிப்போம் என்று சொன்னேன். இரண்டாம் தடவையும் விழுந்தார். மூன்றாம் தடவை நான் சொல்ல ஆரம்பித்தபோது உள்ளேயிருந்து அவர் பேசினார். என்னிடம் இல்லை.

"போதும் உடு, ராஜாமணி. எனக்குன்னு வாச்சது இவ்ளோதான். அப்படியே கெடக்கறேன்."

நான் படிக்கு வெளியே நின்றுகொண்டு, தோளைப் பிடிக்க வேண்டிய இடத்தை இன்னொரு தடவை சொன்னேன். யாரும் அசைகிற சத்தம் கேட்கவில்லை.